பெரிய பேராசிரியரா, இளம் நெறியாளரா?

முனைவர் பட்டத்துக்கு நெறியாளர் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது பெயரைத்தான். தப்பில்லை. மூத்த பேராசிரியரிடம் நிதி இருக்கும், கருவிகள் இருக்கும், அவருடைய பரிந்துரைக் கடிதத்துக்குத் தனி மதிப்பு இருக்கும். இல்லாதது நேரம். பெரிய ஆய்வுக்கூடங்களில் அன்றாட வழிகாட்டல் பெரும்பாலும் போஸ்ட்டாக் கையில்தான், அதாவது முனைவர் பட்டம் முடித்து ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஆய்வாளர் கையில். நல்லவராக அமைந்தால் குறையே தெரியாது. ஆனால் ஒப்பந்தம் முடிந்ததும் அவர் கிளம்பிவிடுவார். உங்கள் ஆய்வேடு அப்போது பாதியில் நிற்கும்.

இளம் உதவிப் பேராசிரியர் வேறு ரகம். வரைவை அனுப்பினால் ஓரமெல்லாம் கேள்வியோடு திரும்பி வரும்: "வரைபடத்தில் பிழை வரம்பைக் காணோமே?" "மூன்றாம் பத்தியில் சொன்னதை ஐந்தாம் பத்தியில் மறுக்கிறீர்களே?" படிக்கும்போது எரிச்சல் வரும், எழுதக் கற்றுக்கொள்வது அப்படித்தான். அதே வரைவுக்குப் பெரியவர் "நன்று, மேலே போகலாம்" என்று ஒரு வரி போடுவார். அன்று நன்றாகத் தூக்கம் வரும், அவ்வளவுதான்.

இளையவரிடம் உள்ள ஆபத்து அவருடைய வேலைதான். அமெரிக்க முறையில் டென்யூர், அதாவது பணி நிரந்தரம் பற்றிய முடிவு வழக்கமாக ஆறாம் ஆண்டையொட்டி வருகிறது. கிடைக்காவிட்டால் அவர் வேறு இடம் பார்க்க வேண்டும், கூடவே நீங்களும். அந்தக் கெடுவால் உங்கள் கட்டுரை வெளிவருவதில் உங்களைவிட அவருக்கே அவசரம் அதிகம். வரம்தான், சில மாதங்களில் தலைவலியும்.

இரண்டு பேரையும் இணை நெறியாளர்களாக வைத்துக்கொள்வது? கேட்க அழகாக இருக்கும். ஒருவர் சேர்க்கச் சொன்னதை மற்றவர் வெட்டச் சொன்னால் இடிபடுவது மாணவர்தான். மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் வழக்கம் இல்லையென்றால் வேண்டாம்.

என் ஓட்டு இளையவருக்கே, உங்கள் ஆய்வைக் கண்காணிக்கும் குழுவில் ஒரு மூத்தவரும் இருந்தால். விலையுயர்ந்த கருவி இல்லாமல் நகராத ஆய்வென்றால் மட்டும் பெரியவரிடம் போகலாம்.

அமெரிக்காவில் பல உயிர்மருத்துவத் துறைகளில் மாணவர்கள் முதலாண்டில் இரண்டு மூன்று ஆய்வுக்கூடங்களில் சில வாரங்கள் வேலை செய்து பார்த்த பிறகே முடிவெடுக்கிறார்கள். அந்த வசதி இல்லாத இடத்தில் நீங்கள் சேர நினைக்கும் நெறியாளரிடம் இப்போது இருக்கும் மாணவர்களைத் தனியே பிடியுங்கள். "சார் எப்படி?" என்றால் "தங்கமானவர்" என்பார்கள். கடைசியாகக் கொடுத்த அத்தியாயம் எத்தனை நாளில் திரும்பியது, பாதியில் விலகியவர்கள் ஏன் விலகினார்கள் என்று கேளுங்கள்.