வாயைப் பார்த்து வாங்கினேன், வார் காலை வாரிவிட்டது

சித்தப்பா மகன் நேற்று ஒரு படம் அனுப்பினான். நான் மூன்று வருடமாக முதுகில் சுமக்கும் அதே 30 லிட்டர் தண்ணீர் புகாப் பை, அதே ஆரஞ்சு நிறம். நான் 159 மலேசிய வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கியது இப்போது 99 வெள்ளியாம். "அண்ணே, வாங்கலாமா?" என்று கேட்டிருந்தான். போன மாதம் கேட்டிருந்தால் யோசிக்காமல் வாங்குடா என்றிருப்பேன். ஆனால் படம் வந்த நேரத்தில் என் பை குளியலறை வாளிக்குள் அமுங்கிக் கிடந்தது, தோள் வார் தைத்த இடத்திலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது நியாயம். பெருநிலப் பக்கம் இருக்கும் பிறையிலிருந்து பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸுக்குத் தினமும் மோட்டார்சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் நான். பினாங்குப் பாலம் கடலுக்கு மேலே மட்டும் எட்டு கிலோமீட்டருக்கு மேல். நடுவில் மழை பிடித்துக்கொண்டால் காற்று பக்கவாட்டில் அடிக்கும், மழைக்கோட்டுக்குள்ளேயே தண்ணீர் ஓடும், அப்படி எத்தனையோ நாள், மடிக்கணினி மேல் ஒரு சொட்டு விழுந்ததில்லை. போன வருடம் தெலுக் பஹாங்கிலிருந்து கயாக்கில் போகும்போது ஒரு மோட்டார் படகு கிளப்பிய அலையில் கவிழ்ந்தேன். பை முங்கவே இல்லை. உள்ளே கொஞ்சம் காற்றை விட்டுப் பையின் வாயைச் சுருட்டி மூடியிருந்ததால் மிதந்துகொண்டே பக்கத்தில் வந்தது. கரையேறித் திறந்து பார்த்தால் கைப்பேசி, மாற்றுத் துணி, நாசி லெமாக் பொட்டலத்தின் காகிதம்கூட மொறுமொறுவென்று இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை எந்த விலைக்கும் சொல்ல முடியாது.

அட்டையில் ஐபிஎக்ஸ்6 (IPX6) என்று தண்ணீர்த் தடுப்புத் தரம் போட்டிருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து பலமாகத் தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும் என்று அர்த்தம், முங்கினால் தாங்கும் என்று அர்த்தமில்லை. முங்குவதற்கு ஐபிஎக்ஸ்7 வேண்டும், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். வாயைச் சுருட்டி மூடும் பை எதுவானாலும் குறைந்தது மூன்று சுற்று சுருட்டவேண்டும், அதனால் 30 லிட்டரும் கைக்கு வராது. இதெல்லாம் தெரிந்துதான் வாங்கினேன், குறையில்லை.

என் கோபமெல்லாம் வார் மேல்தான். இந்த மாதிரிப் பையில் உடம்பை ஊசியால் தைக்க மாட்டார்கள், சூடாக்கி ஒட்டுவார்கள், தையல் ஓட்டை இல்லாததால்தான் தண்ணீர் வருவதில்லை. வாரைத் தனியாக ஒரு துண்டில் தைத்து, அந்தத் துண்டைப் பையோடு ஒட்டுவார்கள். என் பையில் அந்தத் துண்டு தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஒட்டின இடத்தைப் பக்கவாட்டில் இழுத்தால் நன்றாகத் தாங்கும், ஓரத்திலிருந்து உரிக்கிற மாதிரி இழுத்தால் தாங்காது, தோளில் தொங்கும் பை தினமும் உரிக்கிற மாதிரிதான் இழுக்கிறது. ஈரத் துவாலையும் தண்ணீர் போத்தலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டே முக்கால் வருடத்தில் மேல் ஓரம் நகம் நுழையும் அளவுக்குத் தூக்கியது, அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலை அலுவலக வாசலில் மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. விற்றவர்களிடம் கேட்டால் ஒரு வருட உத்தரவாதம் முடிந்துவிட்டதாம்.

ஜார்ஜ்டவுனில் செருப்பு தைக்கும் அங்கிளிடம் கொடுத்தேன். அவர் தன் வேலையைச் சுத்தமாகச் செய்தார், தடித்த நூலில் பையின் உடம்போடு சேர்த்து எட்டுத் தையல், இனி யானை இழுத்தாலும் வராது. ஆனால் எட்டுத் தையல் என்றால் ஓட்டையும் போட்டாயிற்று. அவரைக் குறை சொல்ல மாட்டேன், பை எப்படிச் செய்யப்பட்டது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? அந்தத் துண்டை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டியிருந்தால் அவரிடம் போகவேண்டிய தேவையே வந்திருக்காது. நாலு விரல் பிவிசி துணிக்கு என்ன செலவாகிவிடும்?

அதனால் தம்பிக்கு வேண்டாம் என்றுதான் எழுதினேன். 99 வெள்ளி இல்லை, 50 வெள்ளிக்குக் கொடுத்தாலும் வேண்டாம். கடைக்கு நேரில் போ, காற்றோடு வாயைச் சுருட்டி அதன்மேல் முழங்காலை ஊன்றிப் பார், காற்று கசிகிறதா என்று காதை வைத்துக் கேள், அப்புறம் வார் ஒட்டியிருக்கும் துண்டு உன் உள்ளங்கையை விடச் சின்னதாக இருந்தால் கீழே வைத்துவிட்டு வா என்றேன்.

அனுப்பிவிட்டுப் பையைத் துடைத்து, உள்பக்கத்தை ஸ்பிரிட்டால் சுத்தம் செய்து, காற்றுப் படகுக்குப் போடும் பசையை எட்டு ஓட்டையிலும் இரண்டாம் தடவை பூசிக் காயவைத்திருக்கிறேன். 24 மணி நேரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்குப் போகிறோம், இந்தப் பையோடுதான் போவேன்.