ஆதார் ஜெராக்ஸா, மறைத்த ஆதாரா, விஐடியா: எந்த இடத்தில் எதை நீட்டலாம்?

போன மாதம் பேருந்து நிலையத்தில் வேர்க்கடலை வாங்கினேன். தின்று முடித்துப் பொட்டலத் தாளைக் கசக்கப் போனால், எண்ணெய்க் கறைக்கு நடுவில் ஒரு பெண்ணின் முகம். ஆதார் ஜெராக்ஸ். பெயர், பிறந்த தேதி, கதவு எண்ணோடு முகவரி, பன்னிரண்டு இலக்கமும் பளிச்சென்று. கீழே நீல மையில் கையெழுத்து வேறு. ஏதோ ஒரு அலுவலகம் பழைய தாளோடு சேர்த்து எடைக்குப் போட்டிருக்க வேண்டும். கடலைக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? துண்டு துண்டாகக் கிழித்துப் போட்டுவிட்டு வந்தேன், ஆனால் மனசு ஆறவில்லை.

தகவல் கசிவு என்றாலே எங்கோ உட்கார்ந்து ஒருவன் சர்வருக்குள் நுழைவதாகத்தான் நினைக்கிறோம். நம் ஊரில் பாதிக் கசிவு ஜெராக்ஸ் கடை வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. நமக்கு வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது.

முதலில் ஜெராக்ஸ். எங்கும் வாங்கிக்கொள்வார்கள் என்பது ஒன்றுதான் அதன் பலம். வாங்குபவருக்கும் அதனால் உருப்படியான பயன் இல்லை. ஜெராக்ஸை வைத்து இது அசல்தானா என்று யாராலும் சொல்ல முடியாது. கார்டில் உள்ள கியூஆர் கோடில் ஆதார் ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது, அதை ஸ்கேன் செய்தால்தான் உண்மை தெரியும். எத்தனை கவுண்ட்டரில் ஸ்கேன் செய்து பார்த்திருக்கிறீர்கள்? ஃபைலில் கோத்து வைப்பதோடு சரி.

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகமே ‘ஜெராக்ஸைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், மறைத்த ஆதாரைக் கொடுங்கள்’ என்று அறிவிப்பு விட்டது. இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. என்னைக் கேட்டால், திரும்பப் பெறத் தேவையே இருக்கவில்லை.

மறைத்த ஆதார் என்பது மாஸ்க்டு ஆதார். ஆதார் தளத்தில் இ-ஆதாரை, அதாவது ஆதாரின் பிடிஎஃப் பிரதியை, டவுன்லோட் செய்யும்போதே ‘மாஸ்க்டு ஆதார்’ என்ற கட்டத்தை டிக் செய்தால் முதல் எட்டு இலக்கம் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும். இதுவும் செல்லுபடியாகும். எட்டு இலக்கம் மறைந்தால் என்ன லாபம் என்று கேட்பார்கள். போன் நம்பரை மாற்றலாம், பாஸ்வேர்டை மாற்றலாம், ஆதார் எண் ஆயுசுக்கும் ஒன்றுதான். ஒரு கடையில் கசிந்த பட்டியலையும் இன்னோர் இடத்தில் கசிந்த பட்டியலையும் ஒட்டவைக்கிற பசை அந்த எண். அது இல்லாவிட்டால் ஒட்டுவது கடினம். ஆனால் படம், பிறந்த தேதி, முகவரி எல்லாம் அப்படியேதான் இருக்கும். அதனால் மறைத்த ஆதாரைக் கொடுத்தாலும் தாளின் குறுக்கே ‘வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதி, அதன் மேல் கையெழுத்துப் போடுங்கள். எழுத்து படத்தின் ஓரத்தைத் தொட்டுப் போகட்டும். வேறு வேலைக்கு அந்தத் தாளைத் திருப்பினால் காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. பிரின்ட் எடுக்க பிரவுசிங் சென்டருக்குத்தானே போகிறோம்? பிடிஎஃப்-ஐ வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள். போன வாரம் நான் நின்ற கடையில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தார்கள். ஸ்க்ரோல் செய்யச் செய்ய ஆதார், பான், மார்க் ஷீட் என்று ஊரே அதற்குள் இருந்தது. “அண்ணே, என் ஃபைலை அழிச்சிடுங்க, ரீசைக்கிள் பின்லயும் எடுத்துடுங்க” என்றேன். முகம் சுளிக்காமல் செய்தார். கேட்டால் செய்கிறார்கள், நாம்தான் கேட்பதில்லை. பிடிஎஃப்-க்குப் பூட்டு இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அதன் பாஸ்வேர்டு உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும்தான். தெரிந்தவர் யாரும் திறந்துவிடலாம்.

பாதுகாப்பு என்று மட்டும் பார்த்தால் முதலிடம் விஐடிக்கு, அதாவது விர்ச்சுவல் ஐடிக்கு. 2018இல் வந்த பதினாறு இலக்கத் தற்காலிக எண் அது. அதிலிருந்து ஆதார் எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. புதிது எடுத்தால் பழையது செத்துவிடும். சிம் கார்டு, வங்கிக் கணக்கு என்று ஓடிபியோ விரல் ரேகையோ கேட்டு ஆன்லைனில் சரிபார்க்கும் இடங்களில் ஆதார் எண்ணுக்குப் பதில் இதைத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் லாட்ஜிலும் டியூஷன் சென்டரிலும் இது உதவாது, அங்கே சரிபார்க்கும் வசதியே கிடையாது. அரசு விளம்பரப்படுத்தாமல் விட்டதால் வசதி உள்ள இடங்களிலும் பல ஊழியர்கள் விழிக்கிறார்கள், அது வருத்தம்தான்.

விரல் ரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் ஆதார் தளத்தில் உண்டு. நல்லதுதான், ஆனால் பூட்டியதை மறந்து ரேஷன் கடைக்குப் போனால் ரேகை ஏற்காது. வயதானவர்கள் உள்ள வீட்டில் யோசித்துச் செய்யுங்கள்.

சட்டம் காப்பாற்றாதா என்பார்கள். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் பேசுகிறது. ஆனால் அது டிஜிட்டலாக இருக்கிற, அல்லது பின்னால் டிஜிட்டல் ஆக்கப்பட்ட தகவலுக்குத்தான். ஃபைலிலிருந்து நேராக எடைக்கடைக்குப் போய்க் கடலை கட்டின தாள் அதற்குள் வராது. அதனால்தான் தாளைக் கொடுக்காமல் இருப்பதற்கு இத்தனை அழுத்தம் கொடுக்கிறேன்.

ஆதாரே தேவைப்படாத இடத்தில் வாக்காளர் அட்டை எனக்குப் பிடித்த மாற்று. அந்த எண்ணும் பெயரும் வயதும் வாக்காளர் பட்டியலில் ஏற்கெனவே வெளியாகித்தான் இருக்கின்றன, புதிதாகக் கசிய அதிகம் இல்லை. சென்ற வாரம் ஒரு லாட்ஜில் ஆதார் ஜெராக்ஸ் கேட்டார்கள். வாக்காளர் அட்டையைக் காட்டி, “இதைப் பார்த்து எழுதிக்கோங்க, ஜெராக்ஸ் வேண்டாமே” என்றேன். மேனேஜர் ஒரு கணம் தயங்கினார். பிறகு ரிஜிஸ்டரைத் திருப்பி எண்ணை எழுதிக்கொண்டு, சாவியை எடுத்துக் கொடுத்தார்.