35 லீட்டர் நைதரசன் கான்: வன்னிக்கு எதை வாங்கலாம்?

மாட்டுச் சினை ஊசிக்கான விந்துக் குச்சிகளை (விந்து அடைத்த மெல்லிய குழாய்களை) உறைநிலையில் சேமிக்க, 35 லீட்டர் அலுமினியக் கான் வன்னிக்கு நல்ல தெரிவு. மின்சாரம் தேவையில்லை. இரட்டைச் சுவர், நடுவே வெற்றிடம், மேலே ஒடுங்கிய கழுத்து. குளிரைப் பிடித்து வைப்பது −196 பாகை செல்சியஸில் கொதிக்கும் திரவ நைதரசன். அமெரிக்காவில் அல்கோர் நிறுவனம், பின்னாளில் உயிர்ப்பிக்கலாம் என்ற நம்பிக்கையில் இறந்தவர்களின் உடல்களைப் பாதுகாப்பதும் இத்தகைய கான்களின் பெரிய வடிவங்களில்தான். அங்கே உடலைத் தலைகீழாகத்தான் இறக்குவார்கள். நைதரசன் வற்றினால் முதலில் சூடேறுவது மேற்பகுதி. தலை கடைசிவரை அமிழ்ந்திருக்க வேண்டும். குச்சிகளையும் அப்படித்தான் அடியில் வைக்க வேண்டும்.

வாங்கும்போது கழுத்தைப் பாருங்கள். 50 மில்லிமீற்றர் கழுத்தே போதும். அகன்ற கழுத்தில் கை வைக்க வசதி, ஆனால் நைதரசன் வேகமாகப் போகும். உட்கலம் தொங்குவதும் அந்தக் கழுத்தில்தான். சேமிப்புக் கானைப் பிக்கப்பில் ஏற்றி ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிரவல் வீதிகளில் குலுக்கினால் கழுத்து இணைப்பு விரிசல் விட்டு வெற்றிடம் போய்விடும். ஏற்றி இறக்குவதானால், உட்கலத்துக்குத் தாங்கி வைத்த போக்குவரத்து வகையைக் கேட்டு வாங்குங்கள். ஆவியாதல் சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. வாகனத்தில் யன்னலைத் திறந்தே வையுங்கள், மூடிய இடத்தில் இந்த வாயு மூச்சை அடைத்துவிடும்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் நாட்கணக்கு, அசையாமல், திறக்காமல் வைத்து அளந்தது. சோளகக் காலத்து வெக்கையில், அடிக்கடி திறக்கும் கானுக்கு அது பொருந்தாது. நீங்களே அளந்து பாருங்கள்: மெதுவாக நிரப்பி, ஒரு நாள் ஆறவிட்டு, நெல் நிறுக்கும் தராசில் வையுங்கள். ஒரு கிழமை கழித்து மீண்டும் நிறுங்கள். ஒரு லீட்டர் ஏறத்தாழ 0.8 கிலோ. கிழமைக்கு ஒரு கிலோவுக்குள் குறைந்தால் திருப்தி. அந்த அளவு திடீரென இரட்டித்தாலோ, வெளிப்புறத்தில் கழுத்தடி வியர்த்துப் பனி பூத்தாலோ, குச்சிகளை உடனே வேறு கானுக்கு மாற்றுங்கள். வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம், அது கராஜில் ஒட்டிச் சரிவரும் வேலையல்ல.

மூடியிலிருந்து கழுத்துக்குள் இறங்கும் நுரைத்தண்டு உடைந்தாலும் நைதரசன் செலவு கூடும். புதுத் தண்டு வாங்குங்கள். இறப்பர் வைத்து இறுக்கி அடைக்கவே கூடாது. ஒரு லீட்டர் திரவம் ஏறத்தாழ 700 லீட்டர் வாயுவாகும், வழி இல்லாவிட்டால் கான் வெடிக்கும்.

குச்சி எடுக்கையில், குச்சிகள் இருக்கும் கூடையைக் கழுத்து விளிம்புக்குக் கீழேயே வைத்து, 8 விநாடிக்குள் திரும்ப இறக்குங்கள். 0.25 மில்லிலீட்டர் குச்சி நொடியில் சூடேறும். −130 பாகைக்கு மேல் பனிப்படிகங்கள் மீள வளரத் தொடங்கும். பிறகு எவ்வளவு குளிர வைத்தாலும் சிதைந்த விந்தணு பிழைக்காது.

மட்டத்தை மரக்கோலால் பாருங்கள், குழாயை உள்ளே விட்டால் அதன் வழியே திரவம் மேலே பீறிடும். 15 சென்ரிமீற்றருக்கு இறங்க முன் நிரப்புங்கள். மாரியில் வீதிகள் வெள்ளத்தில் அடைபடும், ஆகவே ஐப்பசி பிறக்கும்போதே கான் நிறைந்திருக்கட்டும்.