பழைய பாய்மரப் படகின் உள்ளறையைப் பிரித்து மாற்றியது: சில குளிர்காலங்களுக்குப் பிறகு

1970-களில் இங்கிலாந்தில் கட்டிய 26 அடி ஃபைபர் பாய்மரப் படகு. உள்ளறையை முழுக்கப் பிரித்து மாற்றி, இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள சோலென்ட் நீரிணைப் பக்கம் சில குளிர்காலங்களை அதிலேயே கழித்தாகிவிட்டது, அதனால் எது தாங்குகிறது என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

முதலில் கூரை, பாதி வேலையே அங்கேதான். அந்தக் காலத்துப் படகுகள் பலவற்றில், முதுகில் மெல்லிய ஃபோம் உள்ள ரெக்சினைப் பசை போட்டு நேரே ஃபைபரில் ஒட்டியிருப்பார்கள். ரெக்சின் லேசில் கெடாது. அந்த ஃபோம்தான் மக்கி, பிடி விட்டு, எல்லாம் தலைக்கு மேல் தொங்கும். உரித்தால் பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று ஒரு தூள் அப்பியிருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும், நல்ல மாஸ்க் இல்லாமல் இறங்கவே கூடாது.

புது ரெக்சினை அதேபோல் ஒட்டிவிடலாம், வேலை சீக்கிரம் முடியும், பார்க்கவும் அழகு. நான் ஒட்டவில்லை. ரீப்பர் கட்டைகளை எபாக்ஸி என்ற கெட்டியாக இறுகும் பசையால் பதித்து, மெல்லிய பிளைவுட் பலகைகளுக்கு ரெக்சின் சுற்றி ஸ்குரூவில் மாட்டினேன், இடையில் தண்ணீர் குடிக்காத ஃபோம் ஷீட். ஓர் அங்குலம் போல உயரம் குறையும், நெட்டையானவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மேல்தளத்தில் உள்ள பெரும்பாலான போல்ட்டுகளின் நட்டு இந்தக் கூரைக்குள்தான் இருக்கிறது. போன நவம்பர் மழையில் ஜன்னல் மூலையில் சொட்ட ஆரம்பித்தது. ஜன்னல்தான் ஒழுகுகிறது என்று யாருக்கும் தோன்றும். பலகையைக் கழற்றினால், ஓரடி தள்ளி கைப்பிடிக் கம்பியின் போல்ட்டைச் சுற்றி ஈரம்; அங்கே இறங்கிய தண்ணீர் ஃபைபரின் சரிவில் ஓடிவந்து ஜன்னலில் சொட்டியிருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, தண்ணீர் புகாமல் அடைக்கும் பியூட்டைல் டேப் வைத்து முறுக்கி, பலகையை மாட்டிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டேன். ஒட்டிய கூரையாக இருந்தால் புது ரெக்சினைக் கிழித்திருக்க வேண்டும்.

அப்புறம் படகின் உள்ளே குறுக்காக நிற்கும் மரத் தடுப்புச் சுவர். பல படகுகளில் பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளின் இரும்புப் பட்டை இதில்தான் பூட்டியிருக்கும். மேல் மூலை கறுத்திருந்தால் வார்னிஷ் அடித்து மறைக்காதீர்கள், ஸ்குரூடிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் சுவரை மாற்றித்தான் ஆக வேண்டும். பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் தரத்து மரைன் பிளைவுட் வாங்குங்கள், வெட்டிய ஓரங்களுக்கெல்லாம் எபாக்ஸி பூசுங்கள்.

மெத்தைக்குத்தான் அதிகம் செலவானது. இரண்டு பேர் தூங்கி எழுந்தால், விடும் மூச்சே தண்ணீராகி மெத்தைக்கு அடியில் நிற்கும். பலகைக்கும் மெத்தைக்கும் நடுவே காற்று போகும் வலைவிரிப்பு போட்டதிலிருந்து பூஞ்சை வரவில்லை. 10 வாட் பல்புகளை எடுத்துவிட்டு எல்இடி போட்டாகிவிட்டது, அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

அடுப்புக்குப் போகும் கேஸ் குழாயை மட்டும் நான் தொடவில்லை, சான்றிதழ் உள்ள ஆளைக் கூப்பிட்டு மாற்றச் சொன்னேன். அந்த கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கிக்கொள்ளும், ஜன்னலைத் திறந்துவைத்தாலும் வெளியே போகாது.