பாஸ்பர் பிரான்ஸ் தகடு: சாக்கெட் க்ளிப் அடிப்பவர்கள் வாங்கலாமா?

மதுரை கே.புதூர் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பிரஸ் ஷாப், அதாவது தகட்டை டையில் (அச்சில்) வைத்து அடித்து உருவம் கொடுக்கும் பட்டறை நடத்துகிறேன். சாக்கெட்டுக்குள் பிளக் பின்னைக் கவ்விப் பிடிக்கும் க்ளிப்தான் எங்கள் முக்கிய வேலை. இதுவரை பித்தளையில் அடித்துவந்ததை 0.5 மி.மீ. பாஸ்பர் பிரான்ஸுக்கு மாற்றி, ஒரு கோடை முழுக்கப் பார்த்தாயிற்று. செம்போடு 5 சதவீத வெள்ளீயம் (ஈயம் அல்ல) கலந்த ரகம், ஹாஃப் ஹார்ட், அதாவது நடுத்தரக் கடினத்துக்கு உருட்டியது. 6 ஆம்ப் க்ளிப்புக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 16 ஆம்ப்புக்கு யோசிக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

தகடு வாங்கப் போனால் எல்லோரும் கேட்பது இழுவலிமை, அதாவது அறுபடாமல் எவ்வளவு இழுப்பைத் தாங்கும் என்றுதான். அந்தக் கணக்கில் பார்த்தால் மாற வேண்டிய அவசியமே தெரியாது. 70/30 பித்தளை (70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம்) ஹாஃப் ஹார்ட் சுமார் 400 முதல் 450 மெகாபாஸ்கல் தாங்கும். பாஸ்பர் பிரான்ஸ் ஹாஃப் ஹார்ட் 400 முதல் 500. பக்கம் பக்கமாகத்தான் நிற்கின்றன. புதிதாக அடித்த இரண்டு க்ளிப்பிலும் பின்னைச் செருகி இழுத்துப் பாருங்கள், கைக்கு வித்தியாசமே தெரியாது. கடைக்காரர் பித்தளையையே எடுத்துக் கொடுப்பார், விலையும் குறைவு.

வித்தியாசம் சூட்டில்தான் வெளியே வருகிறது. பின் செருகியபடியே இருக்கும் க்ளிப் எப்போதும் விரிந்த நிலையில் நிற்கிறது. விரிவு மாறுவதில்லை, ஆனால் பின்னை அழுத்தும் விசை மட்டும் மெல்லக் குறைந்துகொண்டே வரும். பொட்டலத்தில் போட்ட ரப்பர் பேண்டு அதே நீளத்துக்கு இழுபட்டபடியே இருந்து, நாளாக ஆகப் பிடி விட்டுப்போகிறதே, அதே கதை. உலோகத்துக்குள் அணு வரிசைகள் நழுவி நழுவி, திரும்பி வரக்கூடிய வளைவைத் திரும்பாத வளைவாக மாற்றிவிடுகின்றன. சூடு ஏற ஏற இந்த நழுவல் வேகமாகும். செம்போடு கலந்த வெள்ளீய அணுக்கள் அந்த நழுவலைத் தடுத்துப் பிடிக்கிற அளவுக்குத் துத்தநாக அணுக்கள் பிடிப்பதில்லை. அதனால்தான் பித்தளை 75 டிகிரியைத் தாண்டினாலே தளரத் தொடங்குகிறது, பாஸ்பர் பிரான்ஸ் 100 டிகிரி வரை தைரியமாக நிற்கிறது.

சாக்கெட் அவ்வளவு சுடுமா என்று கேட்பீர்கள். சாக்கெட்டுக்கான ஐ.இ.சி. 60884 என்ற சர்வதேசத் தரமே டெர்மினல் சூடு, சுற்றியிருக்கும் காற்றைவிட 45 டிகிரி வரை ஏறலாம் என்று அனுமதிக்கிறது. நம் ஊரில் சித்திரைத் திருவிழா சமயத்து வெயில் 40 டிகிரி. இரண்டையும் கூட்டினால் 85. தரத்துக்கு உட்பட்ட நல்ல சாக்கெட்டே பித்தளை தளரும் இடத்தில் போய் நிற்கிறது. அடுப்பங்கரைச் சுவரில் மாட்டியதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் நடப்பது ஒரு சுற்று. அழுத்தும் விசை பாதியாகக் குறைந்தால் தொடும் இடத்தின் மின்தடை சுமார் 1.4 மடங்காகும். தடை கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் க்ளிப் இன்னும் தளரும். பிளாஸ்டிக் பழுப்பாகி, பிளக் லொடலொடவென்று ஆடும் சாக்கெட்டை எல்லா வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். பலர் வயரிங்கைத்தான் குறை சொல்கிறார்கள். பல நேரம் குற்றம் உள்ளே இருக்கும் அரை மில்லிமீட்டர் தகட்டில் இருக்கிறது.

இதை நம் ஷாப்பிலேயே சோதிக்கலாம், பெரிய லேப் வேண்டியதில்லை. ஒரே அகலத்தில் பித்தளை ஒரு துண்டு, பாஸ்பர் பிரான்ஸ் ஒரு துண்டு நறுக்கி, ஒரு முனையை ஸ்டீல் கட்டையில் இறுக்கி, மறுமுனையை ஸ்க்ரூ வைத்து ஒரே அளவு தள்ளி வளைத்து நிறுத்தினேன். பவுடர் கோட்டிங் வேலை செய்யும் பக்கத்து ஷெட்டில் ஓவன் இருக்கிறது. 105 டிகிரியில் பல நாள் வைத்திருந்து, ஆறவிட்டு, ஸ்க்ரூவைக் கழற்றி டயல் கேஜில் பார்த்தோம். பித்தளைத் துண்டு கண்ணுக்கே தெரியும்படி வளைந்து நின்றது. பாஸ்பர் பிரான்ஸ் கிட்டத்தட்ட நேராக எழுந்துவிட்டது. எங்கள் டை செட்டர் அண்ணன் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இனி யாராவது பித்தளை கேட்டு வந்தா, இதையே எடுத்துக் காட்டும்மா" என்றார். இப்போது அந்த இரண்டு துண்டுகளும் என் மேஜையில்தான் இருக்கின்றன. வருகிற வாடிக்கையாளருக்கு நான் வாயால் விளக்குவதைவிட அவை நன்றாக விளக்குகின்றன. முறையான சோதனைக்கூடங்களில் இதையே 1000 மணி நேரம் வைத்து, எத்தனை சதவீத விசை மிச்சம் என்று கணக்கெடுப்பார்கள். பெரிய ஆலைகளின் விவரத் தாளில் அந்த எண் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. மேலூர், உசிலம்பட்டி பக்கம் பால் மாடு வைத்திருப்பவர்கள் தீவனத் தட்டை வெட்டும் மெஷினுக்குக் கொட்டகையிலேயே சாக்கெட் போடுகிறார்கள். மாட்டு மூத்திரத்தில் இருந்து வரும் அமோனியா பித்தளையின் எதிரி. இழுவிசையில் நிற்கும் பித்தளை அமோனியா பட்டால் விரிசல் விட்டு ஒடிந்துவிடும். பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயத்தில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தானாக விரிசல் விட்டதைப் பார்த்துத்தான் இந்தக் கோளாறு உலகத்துக்கே தெரிந்தது. பாஸ்பர் பிரான்ஸ் இதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். கொட்டகைக்கு என்று சொல்லி யாராவது க்ளிப் கேட்டால் நான் பித்தளையில் அடித்துக் கொடுப்பதில்லை.

சரி, குறைகளுக்கு வருவோம். மின்சாரம் கடத்துவதில் இது பித்தளையைவிடப் பின்தங்கியது. தூய செம்பை 100 என்று வைத்தால் பித்தளை 28, இது 15. க்ளிப்பின் நீளம் குறைவு என்பதால் 6 ஆம்ப்பில் இது பெரிதாகப் படாது. 16 ஆம்ப்பில் படும். 2000 வாட் கீசர் 9 ஆம்ப்புக்குள்தான் இழுக்கும், அதுவும் கொஞ்ச நேரம். ஆனால் 3.3 கிலோவாட் கார் சார்ஜர் 14 ஆம்ப்புக்கு மேல் இழுத்தபடி ராத்திரி முழுக்க ஓடும். அங்கே தகடே தன் தடையால் சுடும். அகலத்தையும் கனத்தையும் கூட்டினால் சமாளிக்கலாம், அதற்கு டையை மாற்ற வேண்டும். பித்தளை க்ளிப்புக்கு வெளியே ஸ்டீல் ஸ்பிரிங் வளையம் போட்ட டிசைன் இந்த இடத்தில் நியாயமான மாற்று: மின்சாரத்தைப் பித்தளை பார்த்துக்கொள்ளும், பிடியை ஸ்டீல் பார்த்துக்கொள்ளும்.

மடிக்கும்போது தகடு உருட்டப்பட்ட திசையைப் பாருங்கள். மடிப்புக் கோடு உருட்டிய திசைக்குக் குறுக்கே போனால் வளையும், அதே திசையில் போனால் வெளிப்பக்கம் விரிசல் விடும். ஒரு க்ளிப்பில் இரண்டு திசையிலும் மடிப்பு இருந்தால் லே-அவுட்டை 45 டிகிரி சாய்த்துவிடுங்கள். கூடுதல் பிடிக்கு ஆசைப்பட்டு, இன்னும் கடினமாக உருட்டிய ஸ்பிரிங் ஹார்ட் கேட்காதீர்கள். அது மடிப்பில் வெடிக்கும். மிகக் கடினமாக உருட்டிய தகடு சூட்டில் இழக்கும் விசையின் பங்கும் கூடலாம். அடித்து முடித்த க்ளிப்பை 200 டிகிரிக்குச் சற்றுக் கீழே ஒரு மணி நேரம் ஓவனில் வைத்து எடுப்பது நல்ல பழக்கம். மடிப்பில் தங்கிய இறுக்கம் போய், பிறகு சூட்டில் தளர்வதும் குறையும்.

பெரிலியம் காப்பர் இன்னும் உசத்தி இல்லையா என்று சிலர் கேட்கிறார்கள். உசத்திதான். 2 சதவீதத்துக்குள் பெரிலியம் சேர்த்து, 315 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் 1200 மெகாபாஸ்கலைத் தாண்டும். 150 டிகிரியிலும் பிடி விடாது. ஆனால் விலை பல மடங்கு, அதை உரசினால் வரும் தூசி நுரையீரலைக் கெடுக்கும். கிரைண்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுகிற நம் மாதிரி ஷெட்டுகளுக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள்: பித்தளை மஞ்சள், இது சிவப்பு கலந்த பழுப்பு. நிறம் மட்டும் போதாது. வெள்ளீயம் குறைந்த தகட்டையும் இதே பெயரில் தள்ளிவிடுவார்கள். வெள்ளீயம் எத்தனை சதவீதம் என்று எழுதிய டெஸ்ட் சர்டிஃபிகேட் இல்லாமல் காயிலை (தகட்டுச் சுருளை) பிரிக்காதீர்கள். நான் வாங்கும் இடத்தில் கேட்ட அகலத்துக்கு ஸ்லிட் செய்து (நீளவாக்கில் நறுக்கி), ஓரத்தில் பர் (பிசிறு) இல்லாமல், சர்டிஃபிகேட்டோடு தருகிறார்கள். அதற்கு மட்டுமே முழு மதிப்பெண் கொடுப்பேன்.

16 ஆம்ப்புக்கு நான் தேடுவது நிக்கல், சிலிக்கன் சேர்ந்த செம்புத் தகடு. கடத்துதிறன் 40 சதவீதத்துக்கு மேல், 150 டிகிரியிலும் நிற்கும். மதுரையில் சின்ன அளவில், ஐம்பது கிலோவுக்குள் ஸ்லிட் செய்து கொடுப்பவர் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள், நேரில் வந்தே எடுத்துக்கொள்கிறேன்.