மோட்டாரைக் கழற்றி கேபிள் போட்ட டிஃப் லாக்: நான்கு ஆண்டு அனுபவம்

வளைவில் இரண்டு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுவது டிஃபரன்ஷியல்; தேவைப்படும்போது அதைப் பூட்டி இரண்டையும் ஒன்றாகச் சுழல வைப்பது டிஃபரன்ஷியல் லாக், அதாவது லாக்கர். என் வண்டியின் பின் ஆக்சிலில் இருக்கும் அந்த லாக்கை இயக்குவதை மோட்டாரிலிருந்து கேபிளுக்கு மாற்றி நான்கு ஆண்டுகளும் சில மாதங்களும் ஆகின்றன. மாற்றிய புதிதில் எழுதியிருந்தால் வெறும் சந்தோஷத்தைத்தான் எழுதியிருப்பேன். அதற்குப் பிறகு இரண்டு முறை கேபிளைக் கழற்றி மாட்டியாகிவிட்டது, ஒரு முறை ஆயில் கசிவும் பார்த்தாகிவிட்டது. இப்போது எழுதினால் மற்றவர்களுக்கு உதவும் என்று தோன்றுகிறது.

முதலில் ஒன்று. எல்லா மின்சார லாக்கரையும் இப்படி மாற்ற முடியாது. சிலவற்றில் டிஃபரன்ஷியலுக்கு உள்ளேயே மின்காந்தச் சுருள் இருக்கும். மின்சாரம் பாய்ந்தால் பூட்டும், நின்றால் விடும். அதில் கேபிளைக் கொண்டுபோய் மாட்ட இடமே கிடையாது. என்னுடையது வேறு வகை. ஆக்சில் கூட்டின் வெளியே ஒரு சிறிய மோட்டார். அது ஒரு தண்டை நகர்த்தும். தண்டில் கவட்டை போல ஒரு ஃபோர்க். அந்த ஃபோர்க் ஒரு ஸ்லீவை, அதாவது நகரும் பல் வளையத்தைத் தள்ள, ஸ்லீவின் பற்கள் டிஃபரன்ஷியலின் கூட்டையும் பக்க கியரையும் ஒன்றாகப் பிணைத்துவிடும். அப்புறம் இரண்டு பின் சக்கரங்களும் ஒரே வேகத்தில்தான் சுழலும். மோட்டார் வெளியே இருக்கும் இந்த வகைக்குத்தான் கேபிள் பொருந்தும். கேபிள் என்பது ஏதோ தற்காலிக வைத்தியம் என்று நினைக்க வேண்டாம். கடையில் கிடைக்கும் ஆக்ஸ் (OX) என்ற பிராண்டின் லாக்கர் கேபிளால் இயங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது.

என் மோட்டார் தண்ணீரால் செத்தது. ஓடிச் சூடான ஆக்சில் ஓடைத் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சீல் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் போதும், தண்ணீரை உறிஞ்சிவிடும். ஸ்விட்சைத் திருப்பினால் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது, பூட்டவில்லை. திறந்து பார்த்தால் துரு நிறத் தண்ணீர், கூட்டிலிருந்து பெயர்ந்து கிடந்த காந்தம். ஆனால் ஃபோர்க்கும் ஸ்லீவும் புதிதுபோல இருந்தன. லாக்கர் கெட்டுப்போகவில்லை, அதைத் தள்ளும் கைதான் கெட்டிருந்தது. கேபிளுக்குப் போகலாம் என்று அந்த இடத்தில்தான் முடிவு செய்தேன்.

மோட்டார் இருந்த இடத்தில் ஒரு தகடு, அதில் கேபிளின் உறையைப் பிடிக்கும் தாங்கி, தண்டோடு இணையும் முனை, இருக்கைக்குப் பக்கத்தில் லீவர். கேபிள் இழுக்கவும் தள்ளவும் ஏற்ற கெட்டியான வகையாக இருக்க வேண்டும், பிரேக் கேபிள் போல இழுக்க மட்டும் தெரிந்தது ஆகாது. வேலை ஒரு நாளில் முடிந்தது. சரியாக அமைய ஒரு வருடம் ஆனது.

காரணம் ஒரு சுருள்வில். பழைய மோட்டார் ஃபோர்க்கை நேராகத் தள்ளவில்லை, இடையில் ஒரு வில் இருந்தது. பற்கள் நேருக்கு நேர் மோதி நின்றால் மோட்டார் தன் வேலையை முடித்துக்கொள்ளும், விசை வில்லில் சேர்ந்திருக்கும், சக்கரம் கொஞ்சம் நகர்ந்து பற்கள் ஒத்துவந்ததும் ஸ்லீவ் தானாக உள்ளே போகும். நான் போட்ட கேபிளில் அது இல்லை. லீவரை அழுத்திப் பிடித்துக்கொண்டே வண்டியை நகர்த்த வேண்டியிருந்தது. முரட்டுத்தனமாகத் தள்ளினால் ஃபோர்க் வளையும். பிறகு கேபிள் முனையின் இரு பக்கமும் சின்ன வில் வைத்தேன். இப்போது லீவரைப் போட்டுவிட்டு அரைச் சுற்று உருட்டினால் 'டொக்' என்று விழுகிறது. இதைச் செய்யப்போகிறவர்கள் முதல் நாளே வில்லை வைத்துவிடுங்கள்.

அடுத்த பாடம் கேபிளின் நீளம். ஒரு பள்ளத்தில் பின் சக்கரம் ஒன்று முழுதாகத் தொங்கியபோது, நான் தொடாமலே லாக் பாதி இழுபட்டது. ஆக்சில் கீழே இறங்கியதில் உறை விறைத்து இழுத்திருக்கிறது. வண்டியைத் தூக்கி, ஆக்சில் முழுதும் தொங்கும் நிலையில் அளந்து, நீளமான கேபிள் போட்டேன். வளைவுகள் அகலமாக, சைலன்சர் குழாயிலிருந்து விலகி ஓட வேண்டும்.

அந்த இரண்டாவது கேபிளும் ஒன்றரை வருடத்தில் இறுகியது. ஆக்சில் பக்க முனையில் ரப்பர் உறை கிழிந்து சேறு போயிருந்தது. இப்போது ஒவ்வொரு தண்ணீர்ப் பயணத்துக்குப் பிறகும் அந்த உறையைக் கையால் தடவிப் பார்க்கிறேன். தகட்டின் ஓரத்தில் கியர் ஆயில் கசிந்ததும் உண்டு. கேஸ்கட்டை மாற்றியதும் நின்றது.

பயன்படுத்துவதில் பெரிய லாபம் கையில் கிடைக்கும் உணர்வு. பல் விழுந்ததா, பாதியில் நிற்கிறதா என்று லீவரே சொல்கிறது. ஆனாலும் ஆக்சிலில் இருக்கும் நிலை ஸ்விட்சையும் டாஷ்போர்டு விளக்கையும் கழற்றாதீர்கள். லீவர் நகர்ந்தாலும் வில் சுருங்கி நிற்கலாம். விளக்கு ஸ்லீவின் நிலையைத்தான் காட்டும். என் வண்டியில் லாக் விழுந்தால் ஏபிஎஸ்ஸை நிறுத்துவதும் அதே ஸ்விட்ச் தரும் செய்திதான்.

இழந்தது ஒன்று உண்டு, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய கட்டுப்பாட்டுப் பெட்டி லோ ரேஞ்சில் (கடினமான பாதைக்கான, வேகம் குறைந்து இழுவை கூடும் கியர் நிலை), மெதுவாகப் போகும்போது மட்டுமே பூட்ட விடும். கேபிளுக்கு வேகம் தெரியாது. தார்ச்சாலையில் யாராவது தெரியாமல் லீவரைத் தள்ளினால் வளைவில் வண்டி திரும்ப மறுக்கும், டயர் தேயும், ஆக்சில் தண்டு முறுக்கேறும். அதனால் லீவரில் ஒரு பூட்டு ஊசி போட்டிருக்கிறேன், அதைத் தூக்காமல் லீவர் அசையாது. சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது ஒருபோதும் போடுவதில்லை. நிறுத்தி, போட்டு, உருட்டு என்பதுதான் வரிசை.

விடுவிக்கும்போதும் பொறுமை வேண்டும். பற்களில் பாரம் இருந்தால் லீவர் வராது. ஸ்டியரிங்கை நேராக்கி, ஓர் அடி பின்னால் எடுத்தால் வந்துவிடும். விட்ட பிறகு ஃபோர்க் ஸ்லீவை உரசாமல் சும்மா நிற்க வேண்டும். அதற்காகக் கேபிள் முனை நட்டுகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்கிறேன்.

போன முறை ஆயில் மாற்றியபோது வடிகால் போல்ட்டின் காந்தத்தில் மாவு போன்ற வழக்கமான துகள்தான் இருந்தது, உலோகச் சீவல் எதுவும் இல்லை. திரும்ப மாட்ட நேரலாம் என்று வைத்திருந்த பழைய மோட்டாரை, அதன் பல்சக்கரங்கள் நன்றாக இருந்ததால், உதிரி தேடிக்கொண்டிருந்த நண்பருக்குக் கொடுத்துவிட்டேன்.