பேப்பரில் வரும் டிவி விமர்சனம்: ஒரு கேபிள்காரனின் நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கேபிள் தொழில் பார்க்கிறேன். மாவட்டம் பாலக்காடு, தாலுகா சித்தூர், மாநிலம் கேரளா. வீட்டுக்குள் பேச்சு மட்டும் தமிழ், அதுவும் கொங்குத் தமிழ். வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம் வந்துவிடும். அதனால் காலையில் கோவைப் பதிப்புத் தமிழ்ப் பேப்பரும் வரும், பாலக்காட்டுப் பதிப்பு மலையாளப் பேப்பரும் வரும். இரண்டிலும் புது டிவி நிகழ்ச்சிகளுக்குத் தீர்ப்பு எழுதுகிறவர்களை வருஷக்கணக்காக விடாமல் வாசிக்கிறேன். ரசனைக்காக என்று சொன்னால் பொய். தொழிலுக்காகத்தான். மிக்ஸிக்கும் போனுக்கும் நீண்டநாள் அனுபவம் எழுதுகிறார்கள், விமர்சனத்துக்கும் ஒன்று இருக்கட்டுமே.

2019 பிப்ரவரி வரைக்கும் இதில் பணக் கணக்கு கிடையாது. எல்லாச் சேனலும் ஒரே கட்டாக வந்துகொண்டிருந்தன. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் புது விதி கொண்டுவந்த பிறகு, அப்போதைய கணக்கில் முதல் 100 சேனலுக்கு 130 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி, அப்புறம் கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை என்றாகிவிட்டது. அப்போது சன் டிவி 19 ரூபாய், மலையாளச் சேனலான ஏசியாநெட்டும் 19 ரூபாய். தமிழ்நாட்டுக்குள் இருப்பவர் ஒரு தமிழ் பேக்கோடு நிறுத்திக்கொள்ளலாம். எங்கள் ஊர் வீடுகளில் மாமியாருக்குத் தமிழ் சீரியல், மலையாள மீடியத்தில் படித்த மருமகளுக்கு மலையாள சீரியல். இரண்டும் வேண்டும், ஆனால் பில் ஏறக்கூடாது. அன்றிலிருந்துதான் வசூலுக்குப் போகிற இடத்தில் ஒரு கேள்வி கிளம்பியது: “ஏனுங்க, அந்தப் புது சீரியல் நல்லாருக்குன்னு பேப்பர்ல போட்டிருக்குதுங்களே, சேத்தட்டுங்களா?”

என்ன பதில் சொல்வது? விமர்சகர் எதைப் பார்த்துவிட்டு எழுதினார் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். புது சீரியல் பெரும்பாலும் திங்கட்கிழமை ஆரம்பிக்கும். அதற்கு முன்னாலேயே வாரக்கணக்கில் ப்ரொமோ ஓடியிருக்கும். பேப்பரில் எழுதுகிறவர் வார இறுதிக்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஆக, அவர் கையில் இருப்பது ஐந்தாறு எபிசோடு. அந்த ஐந்தாறு எபிசோடில்தான் தயாரிப்பாளர் காசைக் கொட்டியிருப்பார். முதல் வாரத்தில் கோயில் திருவிழாவோ கல்யாணமோ கட்டாயம் இருக்கும். தேர் வரும், ஐம்பது பேர் பட்டுப்புடவையில் நிற்பார்கள், கேமரா மேலேயிருந்து இறங்கும். ரெண்டாவது மாதம் பாருங்கள், ஒரே ஹால், ஒரே சோபா, நாலு பேர், ஆளுக்கு மூன்று முறை முகத்தைக் காட்டி இடி முழக்கம். பேப்பரில் ‘பிரமாண்டம்’ என்று வந்தது தேருக்கான பாராட்டு. நம் வீட்டுக்கு வந்து சேர்வது சோபா.

ஆனந்த விகடன் ‘16 வயதினிலே’ படத்துக்கு 62.5 மார்க் போட்டது, அதை இன்றைக்கும் ஆட்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சினிமா முடிந்துபோன சரக்கு, மார்க் நிற்கும். அதே விகடன் குழுமம் தயாரித்த ‘கோலங்கள்’ 2003இல் தொடங்கி 2009 வரை ஓடியது, 1,500 எபிசோடுக்கு மேல். அதற்கு எந்த வாரத்தில் மார்க் போடுவீர்கள்? முதல் வாரத்து மார்க் ஆறாவது வருஷத்துக் கதைக்குச் செல்லுமா? விமர்சகரின் திறமைக் குறைவு என்று இதைச் சொல்ல மாட்டேன். அவரிடம் கேட்கக் கூடாத வேலையைக் கேட்கிறோம்.

எல்லைக்காரர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. ஒரு மொழியில் ‘புது சீரியல்’ என்று விமர்சனம் வரும்போது இன்னொரு மொழியில் அதன் கதை ஏற்கெனவே எங்களுக்குத் தெரிந்திருக்கும். விஜய் டிவியில் ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ 2018இல் வந்தது. அதே கதையை ஏசியாநெட் 2020இல் ‘சாந்த்வனம்’ என்று எடுத்தது. நாலு அண்ணன் தம்பி, ஒரு மளிகைக்கடை, தம்பிகளைப் பிள்ளைபோல வளர்க்கிற மூத்த அண்ணி. மலையாளப் பேப்பரில் அது புது வரவு. எங்கள் தெருவில் அது பழைய கதை. அடுத்து யாருக்கு யாரோடு கல்யாணம் என்பதை என் சந்தாதாரர் ஒரு பாட்டி அண்டை வீட்டு மலையாளிச் சேச்சிக்கு மாதக் கணக்கில் முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படியானால் தமிழில் மூலக்கதைக்கு வந்த விமர்சனத்தை எடுத்து மலையாள ரீமேக்குக்கு வைத்துப் பார்த்தால் போதுமே என்று கணக்குப் போட்டேன். பாதிதான் பலித்தது. கதை அப்படியே போனது, ஆட்கள் மாறிப்போனார்கள். தமிழில் கதிர், முல்லை என்ற ஜோடி மலையாளத்தில் சிவன், அஞ்சலி ஆனது. அந்த ஜோடியை மலையாளிகள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள், ‘சிவாஞ்சலி’ என்று ஒரே பெயராகவே சேர்த்துவிட்டார்கள். அண்ணியின் கதையாகத் தொடங்கிய சீரியலை எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் இரண்டாவது தம்பி சிவனின் முறைப்புக்காகப் பார்த்தார்கள். இரண்டு நடிகர்களுக்கு நடுவில் பற்றிக்கொள்கிற இந்த மாதிரி விஷயத்தை முதல் வாரத்தில் எந்த விமர்சகரும் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஆறு மாதம் வேண்டும்.

இன்னொன்று ‘கருத்தமுத்து’. ஏசியாநெட்டில் 2014இல் தொடங்கியது. அதுதான் தெலுங்கில் ‘கார்த்தீக தீபம்’, தமிழில் 2019இல் விஜய் டிவியில் ‘பாரதி கண்ணம்மா’. கறுப்பு நிறத்துப் பெண்ணின் கதை என்பதுதான் ஆரம்பத்தில் பேச்சு. நிறம் என்கிற விஷயத்தை சீரியல் தொடுகிறதே என்று நல்லபடியாக எழுதினார்கள், நடிகைக்குக் கறுப்பு மேக்கப் போட்டதைக் கண்டித்தும் எழுதினார்கள். இரண்டும் நியாயமான பேச்சு. ஆனால் அந்த சீரியலை ஊரே பேசியது எதனால்? கண்ணம்மா பையைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு நடந்தாள், நடந்தாள், நாள்கணக்காக நடந்துகொண்டே இருந்தாள். மீம் போட்டே அவளை ஊர் ஊராக நடக்க வைத்தார்கள். முன்பு அந்தச் சேனலை வேண்டாம் என்று எடுத்த வீடுகளில் சிலர் அந்த மாதம் திரும்பச் சேர்க்கச் சொன்னார்கள். பேப்பர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. புது நிகழ்ச்சிக்குத்தான் பத்தியில் இடம், ஓடிக்கொண்டிருப்பதற்குக் கிடையாது. டிவி விமர்சனத்தில் எனக்குப் பெரிய மனக்குறை இதுதான். வீட்டில் ஓடுவது முந்நூறாவது எபிசோடு, பேப்பரில் ஓடுவது முதல் எபிசோடு.

வெப் சீரிஸ் விஷயத்தில் இந்தக் குறை இல்லை. இப்போது கேபிளோடு நெட்டும் கொடுக்கிறோம், அதனால் அந்தக் கேள்விகளும் வருகின்றன. அங்கே விமர்சகருக்கு முழுசும் பார்க்கக் கிடைக்கிறது. ‘கேரளா க்ரைம் ஃபைல்ஸ்’ 2023இல் வந்தபோது மொத்தமே ஆறு எபிசோடு. லாட்ஜில் ஒரு கொலை, கையில் இருப்பது ஒரு பொய் முகவரி, அதை வைத்துக்கொண்டு போலீஸ்காரர்கள் அலைகிறார்கள், பஞ்ச் வசனம் கிடையாது. பேப்பர் எழுத்தில் இந்த நாலு தகவலும் இருந்தால் எனக்குப் போதும். ஓய்வுபெற்ற தலைமைக் காவலர் வீட்டுக்கு அதைச் சொன்னேன், அவர் ஒரே ராத்திரியில் முடித்துவிட்டு மறுநாள் ஸ்டேஷன் கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதே வருஷம் ‘அயலி’, எட்டு எபிசோடு. வயசுக்கு வந்தால் படிப்பை நிறுத்திவிடுகிற ஊரில், அதை மறைத்துப் பள்ளிக்கூடம் போகிற பெண்ணின் கதை என்று விமர்சனத்தில் பார்த்ததும் யார் யார் வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. விமர்சகர் மார்க்காகப் போடுகிற ஸ்டாரைப் பார்த்துச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்காது. ஐந்துக்கு மூன்று என்பது யாருக்கு மூன்று?

எழுதுகிறவர் சென்னையிலோ கொச்சியிலோ உட்கார்ந்து எழுதுகிறார் என்பதும் பயன்பாட்டில் தெரியும். கொங்குப் பக்கத்தில் நடப்பதாகச் சொன்ன ஒரு சீரியலை, மண் மணக்கும் பேச்சு என்று ஒரு பேப்பர் புகழ்ந்திருந்தது. வசூலுக்குப் போன வீட்டில் அது ஓடிக்கொண்டிருந்தது. வில்லன் கோபமாகக் கத்துகிறான், வாக்கியத்துக்கு வாக்கியம் மரியாதையாக ‘ங்க’ போட்டுக் கத்துகிறான். அந்த வீட்டு அம்மிணி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, “இவன் சண்டை போடறானா, விருந்துக்குக் கூப்பிடறானா?” என்றார். இதைவிடச் சுருக்கமான டிவி விமர்சனம் நான் வாசித்ததில்லை.

பேப்பர் யாருடையது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தினகரன் 2005 முதல் சன் குழுமத்தோடு இருக்கிறது. மழவில் மனோரமா சேனல் 2011 முதல் மலையாள மனோரமா பேப்பர் வீட்டுப் பிள்ளை. இதனால் எழுதுகிறவர் பொய் எழுதுவார் என்று நான் சொல்லவரவில்லை. எந்த வீட்டுச் சரக்கை எந்த வீட்டில் வைத்துப் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு வாசித்தால் சரி, அவ்வளவுதான். சில சமயம் விமர்சனம் என்ற பெயரில் சேனல் அனுப்பிய குறிப்பே அச்சாகியிருக்கும். கண்டுபிடிப்பது சுலபம். நடிகர் பெயர் எல்லாம் இருக்கும், ஒளிபரப்பு நேரம் இருக்கும், ஒரு குறைகூட இருக்காது.

அரசாங்கத் தீர்ப்பையும் எல்லையில் நின்று பார்த்தாயிற்று. 2020ஆம் வருஷத்துக்கான கேரள அரசு டிவி விருதுகளை 2021 செப்டம்பரில் அறிவித்தபோது, சிறந்த சீரியல் விருதுக்குத் தகுதியாக ஒன்றுமே இல்லை என்று நடுவர் குழு சொல்லிவிட்டது. பெண்களையும் குழந்தைகளையும் இழிவாகக் காட்டுகிறார்கள் என்று கவலையும் தெரிவித்தது. என்னைக் கேட்டால் அது நேர்மையான விமர்சனம், பேப்பர்களில் வருவதைவிட ஒரு படி மேல். தமிழ்நாட்டுப் பக்கம் 2009 முதல் 2013 வரைக்கான சின்னத்திரை விருதுகளை 2022 செப்டம்பரில் கொடுத்தார்கள். சீரியலே முடிந்து, அதில் நடித்த குழந்தைகள் காலேஜ் சேர்ந்த பிறகு வந்த தீர்ப்பு. ஒரு பக்கம் விருதே இல்லை, இன்னொரு பக்கம் விருதுக்கு அவசரமே இல்லை. இரண்டுக்காகவும் என் சந்தாதாரர்கள் யாரும் ஒரு சேனலையும் சேர்க்கவும் இல்லை, நீக்கவும் இல்லை.

ரேட்டிங் வேறு சங்கதி. எதை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கிற ‘பார்க்’ (BARC) அமைப்பின் கணக்கு வியாழக்கிழமை வரும். தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்ந்து ஒரு சந்தை, கேரளா தனிச் சந்தை. எங்கள் தெருவில் ராத்திரி முழுக்கத் தமிழ் சீரியல் ஓடினாலும் நாங்கள் கேரளச் சந்தை. சென்னைக் கணக்கில் நாங்கள் இல்லை, கொச்சிக்காரருக்கு எங்கள் சீரியல் ஒரு பொருட்டில்லை. பேப்பர்காரரும் அதே கோட்டைத்தான் போட்டுக்கொண்டு எழுதுகிறார்.

இப்போதைய என் பழக்கம் இது. வெப் சீரிஸ் என்றால் விமர்சனத்தை முழுசும் வாசிப்பேன், ஸ்டாரை மட்டும் விட்டுவிடுவேன். சீரியல் என்றால் கதைச் சுருக்கப் பத்தி ஒன்று போதும், எந்த மொழிக் கதையின் ரீமேக் என்று அதில் பிடிபட்டுவிடும். ஆபீஸ் சுவரில் அதை வெட்டி ஒட்டிவைத்தால் பணம் கட்ட வருகிறவர்கள் வாசித்துக்கொள்கிறார்கள். சேனலைச் சேர்க்கட்டுமா என்று முதல் வாரத்தில் யாராவது கேட்டால், ஒரு மாதம் பக்கத்து வீட்டில் போய்ப் பாருங்கள், அப்புறமும் பிடித்திருந்தால் சொல்லுங்கள், அன்றைக்கே போட்டுவிடுகிறேன் என்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்தான் என்னைத் திட்டுகிறார்.